விழாவும் விடுதலையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கின்றது. இம்மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவோர் பலர் உளர். எனவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். உற்றார் உறவினரோடும் நண்பர்களோடும் நாம் கொண்டாடும் பண்டிகைகளும், திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு போன்ற இல்ல விழாக்களுமே அப்பொருள். கல்விச் சங்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளை பள்ளியில் நிலைப்பதும் நின்றுவிடுவதும் பல வேளைகளில் அப்பிள்ளையின் வீட்டில் நடந்த ஒரு விழாவைப் பொறுத்தே அமைகின்றன. ஆசிரியப் பணியில் நாம் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆதலால் விழாவைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

சுற்றம் கூடும் நாள்கள்

நம் திருப்பனந்தாள் வட்டாரம் வடக்கே கொள்ளிடத்திற்கும் தெற்கே காவிரிக்கும் இடைப்பட்ட நெல் வயற்பகுதி. இங்கு நாள்காட்டியைவிட ஆற்றுநீரே விழாக்களை வகுத்தது எனலாம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், ஆடிப் பதினெட்டில் நம் தாய்மார்கள் புதுப்புனல் ஓடும் கரையில் காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வர். நடவு முடிந்து பயிர் தழைக்கும் ஐப்பசியில் தீபாவளி வரும். சம்பா அறுவடையோடு தைப்பொங்கல் வரும்.

இன்று நம் பிள்ளைகளில் பலர் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும், சென்னைக் கட்டட வேலையிலும், கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். ஆண்டு முழுதும் பூட்டிக்கிடக்கும் வீடுகள் போகிக்கு முதல் நாள் இரவில் திறக்கின்றன. பெரியப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் மாமனும் ஒரே திண்ணையில் அமர்கின்றனர். நம் உறவினருள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்வோர் உண்டு. புத்தநெறியைத் தழுவியோரும் உண்டு. குலதெய்வத்திற்குப் படையல் இடுவோரும் உண்டு. அவரவர் பண்டிகைக்கு மற்றவர் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் செல்கின்றன. வழிபாட்டால் பிரிந்த குடும்பத்தை விருந்து ஒன்றாக்குகிறது. இது நம்மிடம் உள்ள பெருஞ்செல்வம். இச்செல்வம் நம் முன்னோர்க்கு எளிதில் கிட்டியதன்று என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

முற்றத்தில் நின்ற பொங்கல்

தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை நிலவிய காலத்தைப் பற்றி எம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். அன்று நம் மக்களின் பொங்கல் தம் வீட்டு வாசலில் தொடங்கவில்லை. பண்ணையாரின் முற்றத்தில் தொடங்கியது. அங்குப் போய்க் கைகட்டி நின்று, அவர் தரும் வேட்டியையும் சேலையையும் நெல்லையும் பெற்ற பின்னரே தம் அடுப்பில் பானை ஏறும். மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பில் வண்ணம் தீட்டி மாலை சூட்டியவர் நம் மக்களே. ஆயினும் அம்மாடுகளில் ஒன்றுகூட அவர்களுடையதன்று. விளைவித்தவனுக்கு நெல் சொந்தமில்லை. மேய்த்தவனுக்கு மாடு சொந்தமில்லை. குடியிருந்தவனுக்குக் குடிசை நின்ற மண்ணும் சொந்தமில்லை.

திருமணத்தின் நிலையோ இதனினும் கொடிது. ஓர் இளைஞன் மணம் முடிக்க வேண்டுமாயின், மிராசுதாரிடம் சில கலம் நெல்லும் சிறிது பணமும் கடனாகப் பெறுவான். அக்கடன் தீரும்வரை அப்பண்ணையை விட்டு அகலலாகாது. பெறும் கூலியோ அன்றாடக் கஞ்சிக்கே பற்றாது. ஆகவே கடன் தீராது. அவனுக்குப் பிறந்த மகனும் அதே பண்ணையில் மாடு மேய்க்கச் செல்வான். மற்றவர் வீட்டில் திருமணம் குடும்பத்தைத் தொடங்கியது. நம் வீட்டில் அது அடிமைத்தனத்தையும் சேர்த்தே தொடங்கியது. மகிழ்ச்சிக்குரிய ஒரே நாளே விலங்கு பூட்டிய நாளாகவும் இருந்தது.

இந்நிலை தானாக மாறவில்லை. பி. சீனிவாசராவ் முதலிய உழவர் இயக்கத் தலைவர்களும், பெயர் அறியப்படாத பல்லாயிரம் உழைப்பாளரும் நடத்திய போராட்டங்களின் பயனாக 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விரும்பியபோது ஆளை விரட்டும் வழக்கத்திற்கு அது தடையிட்டது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம் நாம் குடியிருந்த மனையை நமக்கே உரிமையாக்கியது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடு முழுதும் இத்தகைய கடன்கட்டை அறுத்தது. சொந்த மனையில் பந்தற்கால் நட்டுச் சுற்றத்தாரை அழைக்கும் உரிமை இச்சட்டங்களோடு வந்தது. இன்று நம் வாசலில் கட்டும் ஒவ்வொரு வாழைமரத்தின் பின்னும் இவ்வரலாறு நிற்கின்றது.

எம் தமக்கையாரின் திருமணம்

சட்டம் மாறினாலும் மனத்தில் பதிந்த ஏக்கம் உடனே மாறிவிடுவதில்லை. இதற்குச் சான்றாக எம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூற அவையோர் பொறுத்தருள வேண்டும்.

1983இல் எம் தமக்கையாருக்குத் திருமணம் நடந்தது. எம் தந்தையார் கூலி உழவர். வாழ்நாளெல்லாம் பிறர் விருந்தில் கடைசியாக, பந்தலுக்கு வெளியே உண்டவர். தம் மகளின் திருமணத்திலேனும் தம் சுற்றத்தார் இலைபோட்டு அமர்ந்து வயிறார உண்ண வேண்டும், நாதசுவரம் ஒலிக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காக ஒருவரிடம் 2,000 ரூபாய் கடன் பெற்றார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. திருமணம் சிறப்பாக நடந்தது. ஊர்வலம் மட்டும் நம் தெருமுனை வரை சென்று, அதற்கு அப்பால் போக வழியின்றித் திரும்பியது.

இனிக் கணக்கைப் பாருங்கள். மாதம் 100 ரூபாய் வட்டி. அன்று எம் தந்தையாருக்கு அது ஏறத்தாழப் பத்து நாள் கூலி. கடன் தீர ஆறு ஆண்டுகள் ஆயின. 2,000 ரூபாய்க்கு வட்டியாக மட்டும் 7,200 ரூபாய் செலுத்தினோம். அதற்காக எம் தமையனார் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் செங்கல் காளவாய்க்குச் சென்றார். கணக்கில் எம்மைவிட அவர் வல்லவர். பள்ளிக்குச் சென்றது யாம். அதற்குரிய விலையைக் கொடுத்தது அவர். இன்று எம்மைத் தலைமையாசிரியர் என்று அழைக்கும்போதெல்லாம் அவ்விலை நினைவுக்கு வருகின்றது.

எம் தந்தையாரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. எம் தமக்கையார் இன்றும் அந்த நாளைச் சொல்லும்போது முகம் மலர்கின்றார். தலைகுனிந்தே வாழ்ந்த மனிதர் ஒரு நாள் தலைநிமிர விரும்பியது குற்றமா? அன்று. ஆனால் அந்த ஒரு நாளுக்காக ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்றே என்பதுதான் நம் துயரம்.

குங்கிலியக்கலயர் தரும் பாடம்

நம் ஊர்க் கோயிலின் கதையை அனைவரும் அறிவீர். தாடகை என்னும் பெண் மாலை சூட்டவியலாது தவித்தபோது இறைவன் தலைசாய்த்தான் என்பர். சாய்ந்த திருமேனியைக் குங்கிலியக்கலயர் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது பெரியபுராணச் செய்தி. 1947இன் ஆலய நுழைவுச் சட்டத்திற்கு முன் நம் முன்னோர் இக்கதையை மதிலுக்கு வெளியே நின்றே கேட்டனர்.

அதே கலயர் திருக்கடவூரில் வாழ்ந்தபோது வறுமை வந்தது. நெல் வாங்கிவர மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். கலயரோ வழியில் குங்கிலிய மூட்டையைக் கண்டு, தாலியைக் கொடுத்து அதனை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டு சென்றார். அன்றிரவே இறையருளால் அவர் வீடு நெல்லாலும் பொன்னாலும் நிறைந்தது. அவர் நாயனார், அவருக்கு நிறைந்தது. காதணி விழாவுக்குத் தாலியை அடகு வைக்கும் நம் வீட்டை எவர் வந்து நிரப்புவர்? மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பவர் தவணை வசூலிப்பவரே அல்லரோ!

இன்றைய நிலை

பண்ணையாரின் கடன் ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறு கடன்கள் வந்துள்ளன. மகளிர் குழுவில் தொழிலுக்கென வாங்கிய கடன் பந்தலாகவும் வண்ணப் பதாகையாகவும் மாறுகின்றது. ஒருவர் வைத்த பதாகையைவிட அடுத்தவர் பெரிதாக வைக்க வேண்டியிருக்கிறது. வாணவேடிக்கை, ஒலிபெருக்கி, மண்டப வாடகை என்று செலவு வளர்கிறது. இளைஞர் கூட்டத்தில் மது புகுந்து, உறவைக் கூட்டிய விழாவே உறவைப் பிரித்துவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துள்ளது. ஆயினும் வாங்குவோர் வாய் திறவாதவரை சட்டம் அவர் வீட்டை எட்டாது.

மொய் என்னும் வழக்கம் தீயதன்று. வங்கியின் வாசலை மிதிக்காத நம் முன்னோர் வட்டியின்றி ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளக் கண்ட முறை அது. இன்று என் வீட்டு விழாவுக்கு நீ எழுதுவதை நாளை உன் வீட்டு விழாவுக்கு நான் எழுதுவேன். மொய் நோட்டே அதற்குச் சாட்சி. ஆனால் மொய் வரும் என்று கடன் வாங்கி விழா எடுப்பதும், எழுதிய மொய்யைத் திரும்பப் பெறுவதற்கென்றே விழா எடுப்பதும் முறையை மாற்றிவிட்டன. வந்த மொய் கடனுக்குப் போகிறது. பெற்ற மொய்யைத் திருப்பிச் செய்ய மறுபடியும் கடன் வருகிறது.

மஞ்சள் நீராட்டு விழாவைப் பற்றி ஒரு சொல். பெண் பிள்ளையின் படத்தைத் தெருமுனையில் பதாகையாக வைப்பது அவளுக்கு நாணத்தையே தருகிறது. விழாவுக்கென வாரக்கணக்கில் பள்ளியை விடுகின்றாள். பின்னர் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பதினெட்டு வயதுக்கு முன் மணமுடித்தல் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். உறவினர் கூடி வாழ்த்துங்கள். ஆனால் அடுத்த வாரத் தேர்வுக்கு அவளைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.

பம்பாயில் நடந்த ஒரு சிறு விழா

நம் இளைஞர்கள் பின்பற்றத்தக்க விழா ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது பம்பாயில் பள்ளித் தேர்வு ஒன்றில் தேறினார். நம் மக்களுள் அந்நிலையை எட்டிய பிள்ளை எனச் சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் மகிழ்ந்து, பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். தந்தையார் இராம்ஜி இசையவில்லை. தேர்வில் தேறியதற்கெல்லாம் விழா எடுத்தால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று எண்ணினார். விழா விரும்பியோர், அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கெலுஸ்கர் என்பாரை நாடினர். அவர் வாதாடித் தந்தையாரை இசைவித்தார். கூட்டம் நடந்தது. கெலுஸ்கர் தலைமை தாங்கி, தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவர்க்குப் பரிசாக அளித்தார். அண்ணலே இதனை 1956இல் எழுதிய முன்னுரை ஒன்றில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவ்விழாவுக்குப் பதாகை இல்லை. எவரும் தாலியை அடகு வைக்கவுமில்லை. கூடியோர் உறவினரும் நண்பரும். பரிசு ஒரு நூல். அந்நூல் விதைத்த எண்ணம் வளர்ந்து, 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்கள் புத்தநெறி ஏற்ற பெருநிகழ்ச்சியாக விளைந்தது. ஒரு விழா முடிந்தபின் வீட்டில் எஞ்சுவது என்ன என்பதே அதன் மதிப்பு. பண்ணைக்காலத் திருமணம் கடனை எஞ்சவிட்டது. பம்பாயின் சிறு கூட்டம் நூலை எஞ்சவிட்டது.

இன்னொன்றையும் இளைஞர் கவனிக்க. தந்தை மறுத்தபோது சுற்றமும் நட்புமே அப்பிள்ளைக்காக வாதாடின. நம் தெருவில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினால், அவ்வீட்டில் கூடி அவளைப் பாராட்டவும், மேலே படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோரிடம் வாதாடவும் நாம் செல்கிறோமா?

நண்பரும் பந்தியும்

1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டவடிவம் பெற்றது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் அத்திருமணம் செல்லும் என்பது அச்சட்டம். புரோகிதர் தேவையில்லை. திருமணத்தைத் திருமணமாக்குவது கூடியிருக்கும் சுற்றமும் நட்புமே என்று சட்டமே சொல்லிவிட்டது. எனில் வந்திருப்போரின் எண்ணிக்கையைவிட, வந்தவர் எந்த மனத்தோடு வந்தார் என்பதன்றோ பெரிது?

நம் இல்ல விழாக்களுக்கு உடன் பணிபுரியும் நண்பர்கள் வருகின்றனர். மணமக்களை வாழ்த்துகின்றனர், மொய் எழுதுகின்றனர். பந்திக்கு அழைத்தால், வயிறு சரியில்லை என்பர். அவசர வேலை என்பர். குளிர்பானப் புட்டி ஒன்றைப் பெற்றுக்கொண்டு விடைபெறுவர். எல்லோரும் அப்படியல்லர். அமர்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்ட நண்பர்களும் உளர். அவர்களை நாம் என்றும் மறவோம். ஆயினும் வயிற்றுவலி இத்தனை பேருக்கு ஒரே நாளில் வருவது எப்படி என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

பிறரை நோக்கி விரல் நீட்டும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டோருள்ளேயே வேறொரு பிரிவினர் வீட்டு விருந்துக்கு நாம் சென்று உண்கிறோமா? துப்புரவுப் பணி செய்யும் குடும்பத்தாரை நம் பந்தியின் முதல் வரிசையில் அமர்த்துகிறோமா? நமக்கு மேல் உள்ளவரிடம் கேட்கும் சமத்துவத்தை நமக்குக் கீழ் என்று எண்ணுவோர்க்கு மறுத்தால், அது சமத்துவம் ஆகாது.

சொந்த இடம், பொதுப் பொருள்

உலகில் நம்மைப் போல் ஒடுக்கப்பட்ட பிறரும் விழாக் கொண்டாட இடமின்றித் தவித்தனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1865 ஜூன் 19இல் கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்நாளை ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகக் கூடிக் கொண்டாட விரும்பினர். பொது இடங்களில் அவர்களுக்கு இடமில்லை. எனவே ஊஸ்டன் நகரில் விடுதலை பெற்ற மக்கள் 1872இல் தம் சிறுசிறு உழைப்புப் பணத்தைத் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். விடுதலைப் பூங்கா என்னும் பெயரில் அது இன்றும் உள்ளது. அந்நாள் 2021இல் அந்நாடு முழுமைக்கும் விடுமுறை நாளாயிற்று. தனித்தனியே கடன்பட்டு ஒரு நாள் மண்டபம் பிடிப்பதைவிட, ஒன்றுகூடிச் சேமித்து என்றைக்கும் உரிய இடம் வாங்குவதே அறிவுடைமை என்பதை அவர்கள் காட்டினர்.

நாம் நிலம் வாங்குமுன் சிறியதாகத் தொடங்கலாம். பெரிய அண்டா, தவலை, கரண்டி, ஜமக்காளம், பந்தல் துணி ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைப்போம். எவர் வீட்டு விழாவாயினும் வாடகையின்றி எடுத்துச் செல்லட்டும். சமையலுக்கும் பரிமாறவும் இளைஞர் அணி முன்வரட்டும். பாதிச் செலவு அங்கேயே குறையும்.

நினைவு நாள்களும் விழாவே

ஏப்ரல் 14 அண்ணல் பிறந்த நாள். 2022 முதல் தமிழ்நாட்டில் அது சமத்துவ நாளாகவும் விளங்குகின்றது. பெரும்பாலும் அதே நாளில்தான் சித்திரைப் பிறப்பும் வருகின்றது. அன்று குடும்பத்தோடு கூடுவோம். தேர்வு எழுதிய பிள்ளைகளை நடுவில் அமர்த்துவோம். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தரை அன்று நினைவுகூர்வோம். கொள்ளிடத்திற்கு வடக்கே அவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் பக்கமும் வீசியது.

டிசம்பர் 25 நம் கிறித்தவ உறவினர்க்குப் பெருநாள். 1968இல் அதே நாளின் இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையாயின. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தோர் அவர்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆண்டுதோறும் அங்கு மக்கள் கூடுகின்றனர். மகிழ்ச்சிக்குக் கூடுவது மட்டும் உறவன்று. துயரத்தை மறவாமல் கூடுவதும் உறவே. அன்று பிள்ளைகளுக்கு இனிப்பும் கொடுப்போம். அந்த வரலாற்றையும் சொல்வோம்.

நாம் வேண்டுவன

அன்பர்களே, விழாக்களை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. போராடிப் பெற்ற உரிமையை எவரேனும் விடுவரோ? கடனின்றிக் கொண்டாடுங்கள் என்றே வேண்டுகிறோம். இல்ல விழாவில் மொய் நோட்டின் முதல் பக்கத்தைக் குழந்தையின் கல்விக்கென ஒதுக்குங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குக் காது குத்தும் நாளிலேயே அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் இருந்தாலும் கணக்கு நிலைக்கும். தாய்மாமன் சீர்வரிசையில் ஒரு தட்டில் நூல்கள் இருக்கட்டும். கடன் இல்லாமல் நடந்த திருமணத்தைச் சங்கக் கூட்டத்தில் பாராட்டுங்கள். சிறிய விழா எடுத்தவரை, வசதியற்றவர் என்று ஏளனம் செய்யாதீர்கள். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் கடன்படுகின்றனர்.

எம் தமையனாரின் பேத்தி இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புப் படிக்கின்றாள். அவர் நின்ற இடத்தில் அவள் நிற்கலாகாது. அவளுக்கு வரும் விழாக்கள் அனைத்திற்கும் முதல் ஆளாக நாம் செல்வோம்; ஒவ்வொன்றிலும் அவள் படிப்புக்கு ஏதேனும் எஞ்சுமாறு பார்த்துக்கொள்வோம். அவையோரும் தத்தம் வீட்டில் அவ்வாறே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.